கித்தான் விரித்த நிழல்

ராணுவப் பாசறை முதல் கும்பமேளா வரை இந்தியாவுக்குக் கூரை போட்ட முரட்டுப் பருத்தித் துணி, பிளாஸ்டிக்கிடம் இடத்தை இழந்துவருகிறது. லாபம் எடையிலும் விலையிலும் தெரிகிறது. நஷ்டம் தீப்பிடிக்கும்போது தெரிகிறது.

உத்தரப் பிரதேசத்தின் 76ஆவது மாவட்டத்துக்கு ஆயுள் சில மாதங்கள்தான். பிரயாக்ராஜில் 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை நடந்த மகா கும்பமேளாவுக்காக, கங்கையும் யமுனையும் கூடும் மணல்வெளியில் சுமார் 4,000 ஹெக்டேர் பரப்பில் அந்தத் தற்காலிக மாவட்டம் உருவானது. 25 செக்டார்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள். காவல் நிலையம், மருத்துவமனை, சமையலறை, சாமியார் மடம் எல்லாவற்றுக்கும் சுவரும் துணி, கூரையும் துணி. வந்துபோனவர்கள் 66 கோடிக்கு மேல் என்றது மாநில அரசின் கணக்கு. மேளா முடிந்ததும் அந்த நகரம் சுருட்டி, கட்டி, லாரியில் ஏற்றப்பட்டது. மழைக்காலத்தில் அதே மணலை ஆறு எடுத்துக்கொண்டது.

இடையே ஜனவரி 19ஆம் தேதி 19ஆவது செக்டாரில் சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்துத் தீப்பிடித்தது. தயார்நிலையில் இருந்த தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்ததால் உயிரிழப்பு இல்லை. ஆனால் வரிசையாக இருந்த கூடாரங்கள் கொஞ்ச நேரத்தில் சாம்பலாயின. அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு துணி மட்டுமே நிற்கும் இடத்தில், அது எந்தத் துணி, எப்படிப் பதப்படுத்திய துணி என்ற கேள்வி சாதாரணமானதல்ல.

நெடுங்காலமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: கித்தான்.

பெயரில் ஒரு பயணம்

இந்தத் துணி போன இடத்திலெல்லாம் ஒரு பெயர் எடுத்திருக்கிறது. தமிழில் கித்தான். ஆளிச்செடியின் நாரையும் அதில் நெய்த துணியையும் குறிக்கும் அரபுச் சொல்லான 'கத்தா'னின் உறவு இது. இந்தியில் கிர்மிச். ஆங்கிலத்தின் 'கேன்வாஸ்', சணப்பு வகைச் செடியான கஞ்சாவின் லத்தீன் பெயரான 'கன்னாபிஸ்' என்பதிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் பாய்கள் ஒரு காலத்தில் அந்த நாரில்தான் நெய்யப்பட்டன. ஜவுளி வியாபாரிகள் இன்றும் சொல்லும் 'டக்' துணிக்கும் வாத்துக்கும் சம்பந்தமில்லை. டச்சு மொழியில் 'டுக்' என்றால் துணி.

தார்ப்பாயின் கதை இன்னும் சுவையானது. தாரும் பாயும் சேர்ந்த அசல் தமிழ்ச் சொல் போலவே அது ஒலிக்கிறது. மூலமான ஆங்கில 'டார்பாலின்' என்ற சொல்லிலும் தார் இருக்கிறது. போர்வைத் துணியைக் குறிக்கும் இன்னொரு சொல் அதோடு ஒட்டியிருக்கிறது. நீர் புகாமலிருக்கக் கித்தானில் தார் பூசிய மாலுமிகளின் வழக்கத்தை இரண்டு மொழிகளும் ஒரே ஓசையில் பதிந்து வைத்திருக்கின்றன.

இந்தியாவும் ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. பம்பாயின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணி, பாய்மரத்துக்கும் கூடாரத்துக்கும் பயன்பட்டது. அதன் பெயர்தான் ஆங்கிலத்தில் 'டங்காரி' ஆகி, தொழிலாளர்களின் உடைக்குப் பெயராக உலகம் சுற்றியது.

முரட்டுத்தனத்தின் ரகசியம்

கித்தானின் நெசவில் வித்தை எதுவும் இல்லை. பாவு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஊடை நுழையும் சாதா நெசவுதான். வேட்டிக்கும் அதுதான், கித்தானுக்கும் அதுதான். வித்தியாசம் நூலில் இருக்கிறது. கித்தானுக்கு இரண்டு, மூன்று, நான்கு புரிகளை முறுக்கிய தடித்த நூல் வேண்டும். பல ரகங்களில் பாவு நூல்கள் இரட்டை இரட்டையாகப் போகும். நூல்களை இடைவெளியில்லாமல் நெருக்கி, ஓங்கி அடித்து நெய்வார்கள். அதனால்தான் ஒரு கஜம் கித்தானைக் கையில் எடுத்தால் துணி என்றல்ல, பலகை என்று தோன்றுகிறது.

எடையை வைத்தே அதற்கு இலக்கம் போட்டது அமெரிக்க வழக்கம். 36 அங்குல நீளம், 22 அங்குல அகலமுள்ள துண்டு எத்தனை அவுன்ஸ் இருக்கிறதோ அதை 19இலிருந்து கழித்தால் கிடைப்பது டக் துணியின் எண். 18 அவுன்ஸ் எடையுள்ளது ஒன்றாம் எண். 9 அவுன்ஸ் என்றால் பத்தாம் எண். எண் ஏற ஏறத் துணி மெலியும்.

பருத்திக்கு இயற்கை தந்த ஒரு குணம் கித்தானைக் கூரையாக்கியது. நனைந்தால் பருத்தி இழை உப்பும். மழை விழுந்ததும் நூல்கள் பருத்து, நடுவிலிருந்த நுண்ணிய துளைகள் அடைபடும். வெயில் வந்ததும் இழை சுருங்கித் துளைகள் திறக்கும், கூடாரம் மூச்சு விடும். பல துணிகள் நனைந்தால் வலு குறையும். பருத்திக்கு வலு கூடும். ஒரே நிபந்தனை, மழை பெய்யும்போது உள்ளேயிருந்து துணியைத் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் நீர் வழி கண்டுபிடித்து ஒழுக ஆரம்பிக்கும். முகாமில் படுத்த ஒவ்வொரு என்.சி.சி. மாணவனுக்கும் இது முதல் பாடம்.

இதே குணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தியதுதான் ராஜஸ்தானின் 'சாகல்'. லாரியின் முன்பக்கத்தில், ஜீப்பின் பக்கவாட்டில், ரயில் ஜன்னலில் தொங்கிய கித்தான் தண்ணீர்ப் பை. துணி முழுதாக அடைபடாமல் மெல்லக் கசியும். கசிந்த நீர் காற்றில் ஆவியாகும்போது பையிலிருக்கும் வெப்பத்தையும் எடுத்துப் போகும். மண்பானைத் தத்துவம்தான், ஆனால் உடையாத பானை. ஓடும் வண்டியில் இன்னும் வேகமாகக் குளிரும் பானை.

பாசறையும் தர்பாரும்

இந்திய ஆட்சியாளர்களுக்குக் கூடாரம் என்பது ஒதுங்கும் இடமல்ல, நகரும் அரண்மனை. அக்பரின் அரசு முறைகளைப் பதிவு செய்த 'ஆயினி அக்பரி', பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் பெரிய கூடாரத்தைப் பற்றிச் சொல்கிறது. அதை நிறுத்த ஆயிரம் ஆட்களுக்கு ஒரு வாரம் பிடிக்குமாம். பிரிட்டிஷார் இந்த ஆடம்பரத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். 1877, 1903, 1911 ஆகிய மூன்று டெல்லி தர்பார்களும் துணி நகரங்களில்தான் நடந்தன.

சொற்களும் அந்தக் காலத்தவை. பக்கச் சுவருக்குக் கனாத்து, பந்தலுக்குச் சாமியானா, சிறு கூடாரத்துக்குச் சோல்தாரி. ராணுவம் பெயர் சூட்டும் விதமே வேறு. 40 பவுண்டு, 80 பவுண்டு, 180 பவுண்டு என்று எடையே பெயர். அரசு முகாம்களில் எங்கும் காணப்படும் 'இ.பி.ஐ.பி.' கூடாரத்தின் பெயர், ஐரோப்பியச் சிப்பாய்களுக்கான இந்திய மாதிரி என்று விரியும். வெளியே வெள்ளை அல்லது காக்கி, உள்ளே மஞ்சள் உள்துணி. மேல்கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி. மே மாத வெயிலில் உயிரைக் காப்பது அந்த இடைவெளிதான்.

இந்தத் தேவைகளின் தலைநகரம் கான்பூர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திச் சந்தை தலைகீழான 1860களில் அங்கே எல்கின் மில் எழுந்தது. 1874இல் மூயர் மில் வந்தது. இரண்டும் கூடாரத் துணிக்கும் கூடாரத்துக்கும் பெயர் பெற்றவை. படைக்குச் சேணமும் தோல் சாமான்களும் செய்ய 1859இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை, பிற்காலத்தில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையாகிக் கூடாரமும் தைத்தது. 'கிழக்கின் மான்செஸ்டர்' என்ற பட்டம் கான்பூருக்குச் சும்மா வரவில்லை.

பட்டம் நிலைக்கவில்லை. அரசு கைக்கு வந்தும் நவீனமாகாத கான்பூர் மில்கள் 1990கள் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. தளவாடத் தொழிற்சாலை மட்டும் மிஞ்சியது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளின் வாரியம் 2021 அக்டோபர் 1ஆம் தேதி கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, சீருடையும் கூடாரமும் தயாரிக்கும் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' நிறுவனத்தின் கீழ் வந்தன. ஆவடியின் ராணுவச் சீருடைத் தொழிற்சாலையும் இதில் அடக்கம்.

தோளில், காலில், திரையில்

கூடாரம் கித்தானின் பெரிய வேலை. சின்ன வேலைகள் ஏராளம். படுக்கையைச் சுருட்டி வாரால் கட்டிய ஹோல்டால் இல்லாமல் ஒரு தலைமுறை ரயில் ஏறியதில்லை. தபால் பைகள், தீயணைப்பு வண்டியின் குழாய்கள், ஈஸிசேரின் தொட்டில், சிப்பாயின் முதுகுப் பை எல்லாம் இதுவே. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சரக்கை நகர்த்தும் ரப்பர் பெல்ட்டுக்குள்ளே அடுக்கடுக்காக ஒளிந்திருந்து இழுவையைத் தாங்கியதும் டக் துணியே. கல்கத்தாவுக்கு அருகே 1930களில் பாட்டாநகர் உருவான பிறகு, ரப்பர் அடிப்பாகத்தில் ஒட்டிய வெள்ளைக் கித்தான் ஷூ நாடெங்கும் பள்ளி அணிவகுப்பின் சீருடையானது.

கலைக்கும் கித்தான் தளம் கொடுத்தது. ராஜா ரவி வர்மாவின் தேவதைகள் நிற்பது எண்ணெய் வண்ணம் பூசிய கித்தானில்தான். எம்.எப். ஹுசேன் பம்பாயில் சினிமா விளம்பரப் படங்கள் வரைந்து கை பழகியவர். மவுண்ட் ரோட்டில் வானளாவ நின்ற சினிமா பேனர்களும் துணியில் வரைந்தவையே. 2000களில் வந்த ஃபிளெக்ஸ், அதாவது பி.வி.சி. பூசிய பிளாஸ்டிக் விரிப்பு, அந்த ஓவியர்களின் தூரிகையைப் பறித்தது.

சினிமாவே கித்தான் கொட்டகையில் வளர்ந்த குழந்தை. தமிழ்நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூரிங் சினிமாவைத் தொடங்கியதைப் போலவே, மேற்கே அப்துல்அலி யூசுப்அலி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 100 அடி நீளம், 50 அடி அகலத்தில் ஆயிரம் பேர் உட்காரும் கூடாரம் அது. பிற்பாடு அர்தேஷிர் இரானியுடன் கூட்டுச் சேர்ந்த அவருக்கு, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'விலும் (1931) பங்கு உண்டு.

எடையில் தோற்ற கதை

இத்தனை புகழுள்ள துணி ஏன் பின்வாங்குகிறது? ஒரு கணக்குப் போட்டால் புரியும். 24 அடிக்கு 18 அடி தார்ப்பாய் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 600 கிராம் உள்ள கித்தானில் அது 24 கிலோ. மெழுகு ஏற்றினால் இன்னும் கூடும். மழையில் நனைந்தால் இரண்டு ஆட்கள் தூக்க வேண்டும். அதே அளவு பிளாஸ்டிக் தார்ப்பாய், சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று வைத்தால், 8 கிலோ. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். விலையிலும் பெரும் வித்தியாசம்.

கித்தானுக்கு இன்னொரு பகை ஈரம். நனைந்த துணியை அப்படியே மடித்து வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூக்கும், பிறகு இற்றுப்போகும். செம்பு உப்புகளில் ஊறவைத்தால் பூஞ்சை தடைபடும். மெழுகேற்றினால் நீர் தடைபடும். ஆனால் இரண்டும் செலவு. உலர்த்தி மடிக்க ஆளும் இடமும் வேண்டும். பிளாஸ்டிக்குக்கு இந்தக் கவலை கிடையாது.

இந்தியத் தர நிர்ணயப் புத்தகத்திலேயே இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. மெழுகேற்றிய கித்தான் தார்ப்பாய்க்கு ஐ.எஸ். 2089 என்ற தரம் உண்டு. பிளாஸ்டிக் நாடாவில் நெய்த தார்ப்பாய்க்கு ஐ.எஸ். 7903. லாரிகளிலும் களத்து மேட்டிலும் இன்று பறப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. நிவாரணப் பணியிலும் அதே நிலை. 2001 குஜராத் பூகம்பத்திலும் 2004 சுனாமியிலும் முதலில் தேவைப்பட்டது கூரை. உலகெங்கும் நிவாரண அமைப்புகள் கொடுக்கும் 4க்கு 6 மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பை ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்ற முடியும், கித்தானை முடியாது. வீடிழந்தவருக்கு இன்று ராத்திரியே கிடைக்கும் பிளாஸ்டிக், அடுத்த வாரம் வரும் கித்தானைவிட மேல் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே விரிப்பின் கீழ் மாதக்கணக்கில் வாழ நேர்ந்தால் கதை மாறுகிறது. பிளாஸ்டிக் மூச்சு விடாது. பகலில் வெக்கை, இரவில் மூச்சுக் காற்றின் ஈரமே கூரையிலிருந்து சொட்டும். சில வருட வெயிலில் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலக்கும். கித்தான் கிழிந்தால் ஒட்டுப் போடலாம். உதிர்ந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கக்கூட முடியாது.

துணி உருகும்போது

விஷயம் வசதியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1995 டிசம்பர் 23ஆம் தேதி ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. செயற்கை இழைத் துணியில் போட்ட பந்தல். மின்கசிவில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரை முழுவதும் பரவியது. எரியும் கூரை உருகி, கீழே இருந்தவர்கள்மீது சொட்டியது. வெளியேற ஒரே வாசல். இறந்தவர்கள் 442 பேர். பாதிக்கு மேல் குழந்தைகள். இழப்பீடு பற்றிய உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 2009 ஆனது.

2006 ஏப்ரல் 10ஆம் தேதி மீரட்டின் விக்டோரியா பூங்காவில் நுகர்பொருள் கண்காட்சிக்காகப் போட்ட கொட்டகைகள் எரிந்து 65 பேர் மாண்டார்கள். அமைப்பாளர்களுக்கு 60 சதவிகிதம், மாநில அரசுக்கு 40 சதவிகிதம் என்று உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்துச் சொன்னது 2022இல், 16 ஆண்டுகள் கழித்து.

செயற்கை இழையின் குற்றம் என்ன? பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்ஷியஸிலும் தார்ப்பாய் பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரியிலும் உருகிவிடும். உருகியது எரிந்தபடியே சொட்டும். தோலில் ஒட்டினால் உரித்தெடுக்க முடியாது. பருத்தி உருகுவதில்லை, கருகும்.

இதை வைத்துக் கித்தானுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. பதப்படுத்தாத பருத்தி நன்றாகவே எரியும். மழைக்காக மெழுகு பூசினால் அது திரியாகவே மாறும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1944 ஜூலை 6ஆம் தேதி எரிந்த சர்க்கஸ் கூடாரம், பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசிய கித்தான். 167 பேர் இறந்தார்கள். பெங்களூரில் 1981 பிப்ரவரி 7ஆம் தேதி சர்க்கஸ் கூடாரம் எரிந்து 90க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகள். 1997 ஏப்ரல் 15ஆம் தேதி ஹஜ் யாத்திரையின்போது மெக்காவுக்கு அருகே மினாவில் சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்து 340க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து போனவர்கள்.

மினா கற்றுக்கொண்டது. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்களை நிரந்தரமாக நிறுவி, நீர் தெளிப்பான்களைப் பொருத்தியது சவூதி அரசு. பணம் இருக்கும் நாட்டுக்கு அது ஒரு தீர்வு. தெருவுக்குத் தெரு வாடகைப் பந்தலில் கல்யாணமும் கதாகாலட்சேபமும் நடக்கும் நாட்டுக்கு வேறு வழி வேண்டும்.

பத்துப் பங்கு மருந்து

வழி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. தற்காலிகக் கொட்டகைகளுக்கும் பந்தல்களுக்குமான தீத்தடுப்பு நெறிமுறை ஐ.எஸ். 8758. டப்வாலிக்கு முன்பே இருந்த நெறிமுறை இது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்கிறது. கூரை 3 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது என்கிறது. துணியைப் பதப்படுத்தும் கலவையையும் சமையல் குறிப்பு போலக் கொடுக்கிறது. அம்மோனியம் சல்ஃபேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2, வெங்காரம் 1, போரிக் அமிலம் 1, படிகாரம் 2. மொத்தம் பத்துப் பங்கு. இதை 35 பங்கு தண்ணீரில் கரைத்துத் துணியை முக்கிக் காயவைக்க வேண்டும். எல்லாம் சாதாரண ரசாயனக் கடைச் சரக்கு. சூடுபட்டதும் இந்த உப்புகளில் சில நீரையும் எரியாத வாயுவையும் வெளியிட்டு தீயைத் தணிக்கும். சில துணியைச் சுடரில்லாமல் கருகவைக்கும்.

இந்த மருந்து பிடிப்பது பருத்தியில்தான். நீரை உறிஞ்சும் இழைக்குள் கரைசல் புகுந்து தங்கும். நீரை ஒட்டவிடாத பிளாஸ்டிக்கில் அது வழிந்து ஓடிவிடும். கித்தான் பக்கம் நிற்க இது ஒரு வலுவான காரணம். ஆனால் ஒரு குறை உண்டு. நீரில் கரையும் உப்பு நீரிலேயே போய்விடும். நல்ல மழை ஒன்று பெய்தால், அல்லது துணியை ஒரு முறை துவைத்தால், மறுபடியும் முதலிலிருந்து முக்கி எடுக்க வேண்டும். வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய்வரும் வாடகைத் துணிக்கு அதைச் செய்வது யார், செய்ததைச் சோதிப்பது யார்? பாஸ்பரஸ் சேர்மங்களை இழையோடு பிணைத்து, துவைத்தாலும் போகாதபடி செய்யும் முறைகள் உண்டு. ராணுவமும் ஆலைகளும் வாங்குகின்றன. வாடகைப் பந்தல்காரருக்கு அந்த விலை எட்டாது.

கித்தானுக்கு இப்போது வேறொரு பக்கத்திலிருந்து ஆதரவு வந்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு இந்தியா தடை விதித்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பைக்கு அழைப்பு விட்டது. கித்தான் பை நாகரிகமானது. இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை. டென்மார்க் அரசின் 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. தண்ணீர், உரம் உள்ளிட்ட எல்லாக் கணக்கும் சேர்த்தால் அது 7,100 முறை. கருத்தரங்குக்குக் கருத்தரங்கு இலவசமாகக் கிடைக்கும் பைகள் அலமாரியில் தூங்கினால் பூமிக்கு லாபமில்லை. கித்தானின் நியாயமே நீடித்த உழைப்பில்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் உழைக்காத கித்தான் வெறும் விலையுயர்ந்த துணி.

பந்தல் விஷயத்திலும் அதே கணக்கு பொருந்தும். எடை, விலை இரண்டை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் ஜெயித்துவிட்டது. மூன்றாவதாகத் தீயையும் கணக்கில் சேர்த்தால் பதப்படுத்திய பருத்தி மறுபடி போட்டிக்கு வருகிறது. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் அனுமதிச் சீட்டு கொடுக்கும் அதிகாரிகளும், பந்தலுக்கு முன்பணம் கொடுக்கும் பொதுமக்களும். பந்தல்காரரிடம் விளக்கு எத்தனை, நாற்காலி எத்தனை என்று கேட்கும்போது மூன்று கேள்விகளையும் கூடவே கேட்கலாம். துணி பருத்தியா? கடைசியாக மருந்தில் முக்கியது எப்போது? வெளியேற எத்தனை வழி? கேட்பதற்குச் செலவில்லை. டப்வாலியில் அன்று அதை யாரும் கேட்கவில்லை.